மூன்றின் தாளத்துக்கு வெளியே
மரபணுவின் வரலாறு: பகுதி 14

மனித மரபணுத்தொகுதியின் முதல் வரைவு 2001-இல் வெளியானதையும், லட்சத்துக்கு மேல் மரபணுக்கள் இருக்கும் என்று பந்தயம் கட்டியவர்கள் ஏமாந்ததையும் சென்ற பகுதியில் பார்த்தோம். எண்ணிக்கை இன்று ஏறத்தாழ 20,000-இல் நிற்கிறது. ஆனால் அது புரதம் தரும் மரபணுக்களின் எண்ணிக்கை மட்டுமே. முந்நூறு கோடி எழுத்துகளில் புரதத்துக்கான செய்தி ஏறிய பகுதி ஒன்றரை சதவீதம் அளவுதான். மற்றதைச் செல் தொடாமல் விட்டுவிடுவதும் இல்லை. அதில் பெரும்பகுதியை ஏதோ ஒரு திசுவில், ஏதோ ஒரு வேளையில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. அந்தப் படிகளில் 200 எழுத்துகளுக்கு மேல் நீண்டு, புரதமாக மாறாதவற்றை நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ. என்று பாடநூல்கள் அழைக்கின்றன. 200 என்ற எல்லையை இயற்கை வகுக்கவில்லை. ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் முறைகள் அதைவிடச் சிறியவற்றைக் கழித்துவிடும் என்பதால் வசதிக்காக வந்த கோடு அது. 2023-இல் இத்துறையினர் பலர் கூடி எழுதிய அறிக்கை, எல்லையை 500-க்கு உயர்த்தலாம் என்றது. எல்லையே இப்படி நகரக்கூடியது என்றால், ஓர் ஆர்.என்.ஏ. 'குறியீடற்றது' என்பதை மட்டும் எப்படித் தீர்மானித்தார்கள் என்று கேட்பது நியாயம்தான். அதற்கு விடை தேட, திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு சிறு கட்டுரையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

கேரளப் பல்கலைக்கழகத்தின் உயிர்த்தகவலியல் மையத்தைச் சேர்ந்த அச்சுத்சங்கர் எஸ். நாயரும் எஸ்.பி. ஸ்ரீநாதனும் 2006-இல் 'பயோஇன்ஃபர்மேஷன்' இதழில் வெளியிட்ட கட்டுரை அது. கையில் ஒரு நீண்ட டி.என்.ஏ. வரிசை இருக்கிறது, அதில் எந்தத் துண்டு புரதத்துக்கு உரியது என்று கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்? புரதக் குறியீடு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. எந்த உயிரினமும் எல்லா மூன்றெழுத்துச் சொற்களையும் சம அளவில் பயன்படுத்துவதில்லை. ஆகவே புரதப் பகுதியில் ஓர் எழுத்து மூன்றின் முதல் இடத்தில் அதிகமாகவும் மற்ற இடங்களில் குறைவாகவும் விழும். இந்த ஏற்ற இறக்கம் மூன்று எழுத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். திஸ்ர நடையில் வாசிக்கும் மிருதங்கத்தை, பாட்டே தெரியாதவரும் நடையை மட்டும் வைத்து இனம் காண்பதைப் போன்றதுதான் இது. வரிசையை எண்களாக்கி ஃபூரியர் கணக்குக்கு உட்படுத்தினால், புரதப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு அதிர்வெண்ணில் ஒரு கூர்முனை எழும். மற்ற இடங்களில் பொதுவாக எழாது. எழுத்தை எப்படி எண்ணாக்குவது என்பதில்தான் திருவனந்தபுரத்தார் கை வைத்தார்கள். அதுவரை ஏ, டி, ஜி, சி என்ற நான்குக்கும் தனித்தனியாக, இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று நான்கு வரிசைகள் அமைத்து நான்கு முறை கணக்குப் போடுவது வழக்கம். அவர்கள் அதை விட்டுவிட்டு, எலக்ட்ரான்–அயனி இடைவினையின் அளவு எனப்படும் இயற்பியல் மதிப்பை ஒவ்வோர் எழுத்துக்கும் கொடுத்தார்கள்: ஏ 0.1260, ஜி 0.0806, சி 0.1340, டி 0.1335. நான்கு வரிசை ஒன்றானது. கணக்கு வேலை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

அந்த நான்கு எண்களைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். சி-க்கும் டி-க்கும் உள்ள வேறுபாடு 0.0005, கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஏ கொஞ்சம் கீழே. ஜி மட்டும் தனியாக, வெகு கீழே நிற்கிறது. அப்படியானால் எலக்ட்ரான், அயனி என்ற பெயரையெல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தால், இந்த முறை பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: ஜி என்ற எழுத்து மூன்றுக்கு ஒருமுறை வருகிறதா? புரதக் குறியீட்டில் முதல் இடத்தில் ஜி மிகுதியாக வரும் என்பது 1980-களிலேயே கவனிக்கப்பட்ட செய்தி. ஆக, முறை வேலை செய்வதில் வியப்பில்லை. அதன் வெற்றிக்குக் காரணம் எலக்ட்ரான் இயற்பியல் என்பதைவிட ஜி-யின் இடப்பழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல அளவுகோல் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அது எதை அளக்கவில்லை என்பதும் தெரியவரும்.

இந்த வழியில் அவர்கள் முதலாமவர் அல்ல. அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் ஜேம்ஸ் ஃபிக்கெட் 1982-இலேயே மூன்றின் ஏற்ற இறக்கத்தைப் புரதப் பகுதிக்கான சோதனையாக்கினார். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ராம் ராமசாமி, அலோக் பட்டாச்சார்யா, சுதா பட்டாச்சார்யா உள்ளிட்ட குழு 1997-இல் ஃபூரியர் முறையை முழுமையான மரபணு தேடும் கருவியாக வளர்த்தது. பின்னாளில் வந்த மென்பொருள்கள் உயிரினங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது, படிக்கத்தக்க நீளத்தை அளப்பது என்று பல சான்றுகளைச் சேர்த்துக்கொண்டன. இவை எல்லாவற்றிலும் ஓர் ஆர்.என்.ஏ. தேறாமல் போனால் அதன் பெயருக்கு நேராகக் 'குறியீடற்றது' என்ற முத்திரை விழுகிறது. சோதனை கேட்டது புரதத்தைப் பற்றி. விடையை நாம் பயனைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டோம். செல்லில் உள்ள ஆர்.என்.ஏ.வில் பெரும்பங்கு ரைபோசோமின் ஆர்.என்.ஏ. அதிலும் மூன்றின் தாளம் கிடையாது. அது இல்லாமல் ஒரு புரதம்கூட உருவாகாது என்பது தெரிந்திருந்தும் இந்த வழுக்கல் நேர்ந்தது. ரைபோசோமையும் கடத்தி ஆர்.என்.ஏ.வையும் புரத வேலையின் உதவியாட்கள் என்று ஒதுக்கி வைத்துவிட்டதால், புரதம் தராதது பயனற்றது என்ற விதி அப்படியே நின்றது. மீதி டி.என்.ஏ.வுக்கு 1972-இல் மரபியலாளர் சுசுமு ஓனோ 'குப்பை' என்ற பெயரைப் பரப்பினார்.

குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களின் வேலை எழுத்து வரிசையில் படிக்கக் கிடைப்பதல்ல; அவை செல்லுக்குள் எங்கே இருக்கின்றன, எந்தப் புரதங்களைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று பார்த்தவர்களுக்கே அது புலப்பட்டது. இந்தப் பகுதியில் நான் நிறுவ முயல்வது இதைத்தான். அப்படிப் பார்த்தவர்களில் முன்னோடிகள் சிலர் இந்தியாவில் இருந்தார்கள். அவர்கள் பார்க்கத் தொடங்கிய காலத்தில் எந்த மரபணுத்தொகுதியும் வரிசைப்படுத்தப்படவில்லை. வரிசை கையில் இல்லாததே அவர்களுக்கு ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்றுகூடச் சொல்லலாம்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஏ.எஸ். முகர்ஜி, ஜெர்மானிய அறிஞர் வோல்ஃப்காங் பேர்மனுடன் சேர்ந்து 1965-இல் 'நேச்சர்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார். பழ ஈயின் புழுப்பருவத்து உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் பிரியாமல் ஆயிரக்கணக்கில் பெருகி, கயிறுபோல் தடித்து, சாதாரண நுண்ணோக்கியிலேயே பட்டை பட்டையாகத் தெரியும். கதிரியக்க யுரிடினைச் சுரப்பிக்குக் கொடுத்தால், புதிதாக ஆர்.என்.ஏ. உருவாகும் இடங்களில் அது சேரும். மேலே படலம் பூசி இருட்டில் வைத்துக் கழுவினால் அந்த இடங்களில் கறுப்பு வெள்ளித் துகள்கள் விழுந்திருக்கும். முகர்ஜி துகள்களை எண்ணினார். ஆண் ஈக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. ஆணின் ஒற்றை எக்ஸ், பெண்ணின் இரண்டும் சேர்ந்து தரும் அளவுக்கு நெருக்கமாக ஆர்.என்.ஏ. தயாரித்துக்கொண்டிருந்தது. ஒன்று இரண்டின் வேலையைச் செய்கிறது என்றால் ஏதோ ஒன்று அதை முடுக்கிவிட வேண்டும். அந்த ஏதோ ஒன்றில் ஆர்.என்.ஏ.வுக்கும் பங்குண்டு என்பது தெரிய 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முகர்ஜியின் மாணவர் சுபாஷ் சந்திர லகோட்டியா. இருவரும் 1970-இல் ஒரு சின்னக் குறிப்பை வெளியிட்டார்கள்: பென்சமைடு என்ற வேதிப்பொருளைச் சுரப்பிக்குக் கொடுத்தால் 93டி என்ற ஒரே ஒரு இடத்தில் மட்டும் குரோமோசோம் புடைத்து விரிகிறது. புடைப்பு என்றால் அங்கே மும்முரமாகப் படியெடுப்பு நடக்கிறது என்று பொருள். 93டி ஏற்கெனவே தெரிந்த இடம்தான். இத்தாலியில் ஃபெருச்சியோ ரித்தோசா 1962-இல், வெப்பம் ஏறினால் பழ ஈயின் குரோமோசோமில் சில குறிப்பிட்ட இடங்கள் புடைக்கும் என்று காட்டியிருந்தார். 1974-இல் அந்த வெப்பத்துக்கு எதிர்வினையாகப் புதுப் புரதங்கள் உருவாவது கண்டறியப்பட்டதும், புடைப்புக்கு ஒரு புரதம் என்று ஆய்வாளர்கள் பொருத்திக்கொண்டே வந்தார்கள். வெப்பத்தில் எழும் மிகப் பெரிய புடைப்புகளில் ஒன்றான 93டி-க்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. ஆர்.என்.ஏ. ஏராளமாக வருகிறது, புரதத்தைக் காணோம். வேறொருவராயிருந்தால் ஒத்துவராத தரவு என்று ஒதுக்கியிருப்பார். லகோட்டியா பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வுக்காலத்தின் பெரும்பகுதியை இந்த ஒற்றை இடத்துக்குக் கொடுத்தார்.

93டி-யில் உள்ள மரபணுவுக்கு எச்.எஸ்.ஆர். ஒமேகா என்று பெயர். வரிசை தெரியவந்தபோது புதிர் இன்னும் முறுக்கிக்கொண்டது. இதன் நீண்ட படி பத்தாயிரம் எழுத்துகளைத் தாண்டும். உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. அதன் பெரும்பகுதி 280 எழுத்துகள் கொண்ட ஒரே தொடர் அடுத்தடுத்துத் திரும்ப வருவதுதான். வேறு இனப் பழ ஈக்களில் பார்த்தால் திரும்ப வரும் தொடரின் நீளம் மாறிவிடுகிறது; எழுத்துகள் அடையாளம் தெரியாமல் மாறிவிடுகின்றன. மாறாமல் நிற்பவை ஒன்பது எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டும், மரபணுவின் மொத்த அமைப்பும், வெப்பத்துக்கு அது எழுந்து கொடுக்கும் பதிலும்தான். வரிசை பாதுகாக்கப்பட்டிருந்தால்தான் வேலை உண்டு என்ற விதியை வைத்துத் தேடியிருந்தால் இந்த மரபணு முதல் சுற்றிலேயே கழிக்கப்பட்டிருக்கும்.

விடை 2000-இல் வந்தது. கே.வி. பிரசாந்த், டி.கே. ராஜேந்திரா முதலியோர் லகோட்டியாவுடன் சேர்ந்து, இந்த ஆர்.என்.ஏ.வுக்கு ஒளிரும் அடையாளம் ஒட்டி உட்கருவுக்குள் அது எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். குரோமோசோம்களுக்கு இடையிலும் ஓரத்திலும் சிறு புள்ளிகளாக அது சிதறிக் கிடந்தது. அதே புள்ளிகளில், புதிதாகப் படியெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ.வைப் பக்குவப்படுத்தும் புரதங்கள் குடியிருந்தன. ஒமேகாப் புள்ளிகள் என்று பெயர் வைத்தார்கள். ஈயை வெப்பத்துக்கு உட்படுத்தினால் புள்ளிகள் மறைந்து, அந்தப் புரதங்கள் 93டி என்ற ஒற்றை இடத்தில் போய்க் குவிகின்றன. வெப்பம் தாக்கும்போது செல் வழக்கமான மரபணுக்களின் படியெடுப்பை நிறுத்திவிடுகிறது. அப்போது பக்குவப்படுத்தும் புரதங்களுக்கு வேலை இல்லை. வேலையற்று உலவும் புரதம் தவறான ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளலாம். அவற்றைக் கட்டி வைத்து, நிலைமை சீரானதும் திருப்பி அனுப்புவது ஒமேகாவின் வேலை என்று லகோட்டியா குழு விளக்கியது. ஹண்டிங்டன் நோயைப் போன்ற, புரதத்தில் குளூட்டமைன் நீண்டு விடுவதால் வரும் நரம்புச் சிதைவை ஈயின் கண்ணில் உண்டாக்கி, அங்கே ஒமேகாவின் அளவைக் குறைத்தால் சிதைவு தணிகிறது என்று மல்லிக்கும் லகோட்டியாவும் 2009-இல் காட்டினார்கள். புரதங்களைச் சிறைபிடிக்கும் ஆர்.என்.ஏ.வின் அளவு மாறினால், அந்தப் புரதங்களை நம்பியிருக்கும் மற்ற வேலைகளும் மாறும் என்பதற்கு இது நேரடிச் சான்று.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. ஓர் ஈயின் ஓர் ஆர்.என்.ஏ.வை வைத்து, மனிதச் செல்லில் பட்டியலிடப்பட்ட பல்லாயிரம் நீள் ஆர்.என்.ஏ.க்களுக்கும் பரிந்து பேச முடியுமா? ஒமேகா செல்லுக்குள் குவியல் குவியலாக இருப்பது. பட்டியலில் உள்ள பல ஆர்.என்.ஏ.க்களோ, செல்லுக்கு ஒரு படிகூடத் தேறாத அளவு அரிதானவை. படியெடுக்கும் நொதி எப்போதும் சரியான இடத்தில்தான் தொடங்கும் என்பதில்லை. தவறான இடத்தில் தொடங்கிய அரைகுறைப் படிகள் இரைச்சலாகச் சேரும் என்று கெவின் ஸ்டரூல் 2007-இல் வாதிட்டார். மரபணுத்தொகுதியின் செயற்பகுதிகளைப் பட்டியலிடும் என்கோட் கூட்டமைப்பு 2012-இல் அதன் 80 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வேதிச் செயல்பாடு உண்டு என்று அறிவித்தபோது, வேதிச் செயல்பாட்டையும் உயிர்வாழ்வுக்கான பயனையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்று டான் கிராவரும் மற்றவர்களும் அடுத்த ஆண்டே கடுமையாகச் சாடினார்கள். அந்தச் சாடல் பெரும்பாலும் சரி என்றே நினைக்கிறேன். படியெடுக்கப்பட்டது என்பதாலேயே பயனுள்ளது என்பதும், புரதம் தரவில்லை என்பதாலேயே பயனற்றது என்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். இரண்டுமே பட்டியலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகின்றன. செல்லைத் திறந்து பார்ப்பதில்லை. ஒமேகாவை முன்வைப்பதன் நோக்கம் மற்றவற்றுக்கெல்லாம் நற்சான்று வாங்கித் தருவதல்ல. வரிசை சார்ந்த சோதனை எதிலும் தேறாத ஒன்று, இருப்பிடத்தைப் பார்த்தபோது தேறியது என்பதே போதும். எந்தச் சோதனையை நம்புவது என்ற கேள்விக்கு அது விடை சொல்லிவிடுகிறது.

அடுத்த மறுப்பு ஆய்வகத்திலிருந்தே வந்தது. மாலட்1 என்ற ஆர்.என்.ஏ. நுரையீரல் புற்று பரவும் நோயாளிகளிடம் மிகுந்திருப்பதாக 2003-இல் கண்டறியப்பட்டது. சுமார் எட்டாயிரம் எழுத்து நீளம்; பாலூட்டிகள் எல்லாவற்றிலும் வரிசை நன்றாகவே பாதுகாக்கப்பட்டிருக்கிறது; உட்கருவில் ஏராளமாக இருக்கிறது. இதன் வால்கூட விசித்திரமானது. சாதாரணத் தூது ஆர்.என்.ஏ.வின் முனையில் ஏ எழுத்துகளால் ஆன நீண்ட வால் இருக்கும். மாலட்1-க்கு அந்த வால் கிடையாது. முனையில் மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, சிதைக்கும் நொதி நுழையாதபடி பூட்டுப் போட்டிருக்கிறது. இவ்வளவு அலங்காரம் உள்ள ஆர்.என்.ஏ.வுக்கு வேலை இல்லாமலா போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2012-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக மாலட்1 இல்லாத எலிகளை உருவாக்கின. எலிகள் பிறந்தன, வளர்ந்தன, குட்டி போட்டன. குறிப்பிடும்படி ஒன்றும் நேரவில்லை. பின்னர் புற்றுள்ள எலிகளில் செய்த ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. மாலட்1-ஐக் குறைத்தால் மார்பகப் புற்று பரவுவது குறைகிறது என்று 2016-இல் ஒரு குழுவும், அதை நீக்கினால் பரவல் கூடுகிறது என்று 2018-இல் மற்றொரு குழுவும் வெளியிட்டன.

நீக்கியும் ஒன்றும் ஆகவில்லை என்பது வேலை இல்லை என்பதற்குச் சான்றாகுமா? இங்கேதான் முகர்ஜியின் ஆண் ஈ மீண்டும் வருகிறது. ஒற்றை எக்ஸை முடுக்கிவிடும் புரதக் கூட்டத்துடன் ராக்ஸ்1, ராக்ஸ்2 என்ற இரண்டு ஆர்.என்.ஏ.க்கள் ஒட்டிக்கொண்டு அந்தக் குரோமோசோம் முழுவதையும் போர்த்தியிருப்பது 1997-இலிருந்து தெரியவந்தது. ராக்ஸ்1-ஐ மட்டும் நீக்கினால் ஆண் ஈ நன்றாகவே இருக்கிறது. ராக்ஸ்2-ஐ மட்டும் நீக்கினாலும் அப்படியே. இரண்டையும் நீக்கினால் ஆண்கள் ஏறத்தாழ எல்லோரும் மடிகிறார்கள். பெண்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டு ஆர்.என்.ஏ.க்களும் நீளத்தில் பலமடங்கு வேறுபட்டவை. வரிசையிலும் சில சிறு துண்டுகள் தவிர ஒப்புமை இல்லை. ஒன்றின் இடத்தை மற்றது நிரப்பும் என்று எழுத்தை மட்டும் பார்த்து யாரும் ஊகித்திருக்க முடியாது. ஆக, மாலட்1 எலியின் ஆரோக்கியம் ஒரு திறந்த கேள்வியைத்தான் விட்டுச்செல்கிறது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், 'வேறொன்று ஈடுகட்டுகிறது' என்ற விளக்கத்தை ஈடுகட்டுவது எது என்று காட்டாதவரை சாக்காகவே கொள்ள வேண்டும். ராக்ஸில் அது காட்டப்பட்டது. மாலட்1-இல் இன்னும் இல்லை.

மூன்றாவது மறுப்பு நம் அடிப்படையையே அசைக்கப் பார்க்கிறது: குறியீடற்றவை என்கிறீர்களே, உண்மையிலேயே அற்றவைதானா? கணினி முறைகளுக்கு நீளம் வேண்டும். பத்துப் பதினைந்து அமினோ அமிலங்களே கொண்ட பெப்டைடின் குறியீட்டில் மூன்றின் தாளம் நிலைபெறுவதற்குள் வரிசையே முடிந்துவிடும். பழ ஈயின் டார்சல்-லெஸ் மரபணு முதலில் குறியீடற்றது என்றே பதிவாகியிருந்தது. 2007-இல் அது 11 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் பெப்டைடுகளை உருவாக்குவதும், அவை இல்லாவிட்டால் ஈயின் கால்கள் சரியாக உருவாகாததும் தெரியவந்தது. ரைபோசோம் எந்தெந்த ஆர்.என்.ஏ. மேல் ஏறி நிற்கிறது என்று படம்பிடிக்கும் முறை வந்த பிறகு இப்படிப்பட்டவை பல வெளிப்பட்டன. இந்த மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். பட்டியலிலிருந்து இன்னும் பல பெயர்கள் எதிர்ப்பக்கம் போகும். எனினும் ஒமேகாவே இதற்கு ஓர் எச்சரிக்கையும் வைத்திருக்கிறது. அதன் குட்டையான படி உட்கருவை விட்டு வெளியேறி ரைபோசோமில் ஏறுகிறது. முப்பதுக்கும் குறைவான அமினோ அமிலங்களுக்கான வரிசை அதில் இருக்கிறது. அது வாசிக்கவும் படுகிறது. ஆனால் விளையும் பெப்டைடைத் தேடிப் பிடிக்க முடியவில்லை என்று அமெரிக்காவில் மேரி-லூ பார்டியூவின் குழு 1989-இல் தெரிவித்தது. வாசிக்கப்படுகிறது, பொருள் கிடைக்கவில்லை. ஒருவேளை வாசிப்பு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று செல் வேவு பார்ப்பதற்கே அந்தப் படி என்று சிலர் கருதினார்கள். ரைபோசோம் ஏறியதாலேயே அது புரத மரபணு ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

படியெடுப்பு என்ற செயலே வேலை, வரும் ஆர்.என்.ஏ. வெறும் கழிவு என்ற விளக்கமும் உண்டு. எலியின் ஏர்ன் என்ற நீண்ட ஆர்.என்.ஏ.வில் வியன்னாவின் டெனிஸ் பார்லோ குழு 2012-இல் அதை நிறுவியது. பக்கத்து மரபணுவின் தொடக்கப் பகுதிமேல் படியெடுக்கும் நொதி ஓடிக் கடந்தாலே அந்த மரபணு அடங்கிவிடுகிறது. ஏர்னின் உடல் தேவைப்படவில்லை. இங்கும் வரிசை உதவாது. நொதியை நடுவழியில் நிறுத்தியும் ஓடவிட்டும் பார்த்தபிறகே உண்மை தெரிந்தது.

மனிதச் செல்லில் ஒமேகா கிடையாது. ஆனால் வெப்பம் ஏறினால் 9-ஆம் குரோமோசோமின் சாட்டிலைட் 3 என்ற, திரும்பத் திரும்ப வரும் வரிசைப் பகுதி திடீரென்று படியெடுக்கப்படத் தொடங்குகிறது; அந்த ஆர்.என்.ஏ. பிறந்த இடத்திலேயே தங்கி, ஆர்.என்.ஏ.வைப் பக்குவப்படுத்தும் புரதங்களைத் தன்னிடம் இழுத்துக் குவிக்கிறது. பிரான்சின் கரோலின் ஜொலியும் லகோட்டியாவும் 2006-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டையும் அருகருகே வைத்தார்கள். எழுத்தில் உறவில்லை, பொது மூதாதை இல்லை. நெருக்கடியில் செல் செய்துகொள்ளும் ஏற்பாடு மட்டும் ஒன்று.

ஒமேகாப் புள்ளிகளைக் கண்ட பிரசாந்த் பின்னர் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் டேவிட் ஸ்பெக்டரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். எலிச் செல்லில் அவர்கள் பிடித்த சி.டி.என். ஆர்.என்.ஏ. பற்றிய கட்டுரை 2005-இல் 'செல்' இதழில் வந்தது. மாலட்1-ஐப் போல இதுவும் எட்டாயிரம் எழுத்து நீளம், இதுவும் உட்கருவிலேயே தங்குவது. ஆனால் இதில் ஒரு முழுப் புரதத்துக்கான குறியீடு இருக்கிறது. செல்லுக்குள் அமினோ அமிலங்களை இழுத்துவரும் எம்கேட்2 என்ற புரதத்துடையது. மூன்றின் தாளத்தைத் தேடும் எந்த மென்பொருளும் இதைப் புரத வரிசை என்று சொல்லும். அது தவறும் அல்ல. ஆனாலும் சாதாரண வேளையில் இந்த ஆர்.என்.ஏ. ரைபோசோமை எட்டுவதில்லை. உட்கருவின் சிறு திட்டுகளில் புரதங்களோடு பிணைந்து கிடக்கிறது. செல்லுக்கு நெருக்கடி வரும்போது அதன் வால்பகுதி வெட்டப்படுகிறது; குறியீடு உள்ள துண்டு விடுபட்டு வெளியே போகிறது; புதிதாகப் படியெடுக்கக் காத்திராமல் உடனே புரதம் தயாராகிறது. பட்டியலில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று ஆய்வாளர்கள் தடுமாறியது இயல்பே. வெட்டு விழுவதற்கு முன் கேட்டால் ஒரு பதில், பின் கேட்டால் வேறு பதில்.